கேளாமல் விலக்கலாமா?

குழந்தைகளையும், முதுமையாலோ நோயாலோ பிறர் துணையில் வாழும் பெரியோர்களையும் தீயோர் கையில் சிக்காதபடி காப்பது எந்த சர்க்காருக்கும் முதற் கடமையாகும். இதில் இரண்டாவது அபிப்பிராயத்துக்கு இடமில்லை. ஆனால், காக்கும் பொருட்டு ஒருவரை உத்தியோகத்திலிருந்து விலக்கும் அதிகாரத்தை அவருடைய சொல்லைக் கேளாமலே செலுத்தலாமா? இங்கிலாந்தில் நெடுங்காலமாக நடந்துவரும் விவாதம் இதுவே.

2002-ம் வருஷம் ஸோஹம் என்னும் ஊரில் பத்து வயதுச் சிறுமியர் இருவர் கொலையுண்டனர். கொலைஞன் ஒரு பள்ளிக்கூடத்துக் கட்டடப் பராமரிப்பாளன். அவன்மீது முன்னரே வேறொரு பிரதேசத்துப் போலீஸாரிடம் புகார்கள் வந்திருந்தும், அவனை வேலைக்கு அமர்த்தியவர்களுக்கு அவை எட்டவில்லை. ஸர் மைக்கேல் பிச்சார்டின் விசாரணை அறிக்கை 2004-ல் வெளிவந்தது. அதன் பயனாக 2006-ல் சட்டம் பிறந்தது. 2012-ல் ஏற்பட்ட ‘டிஸ்குளோஷர் அண்டு பாரிங் சர்விஸ்’ என்ற ஸ்தாபனம் இன்று விலக்குப் பட்டியல்களை வைத்திருக்கிறது.

இந்த அதிகாரம் அற்பமானதன்று. கோர்ட்டில் தண்டனை பெறாதவரையும் பட்டியலில் சேர்க்கலாம். குற்றம் ஐயமற நிரூபணமாக வேண்டியதில்லை. நடந்திருப்பதே அதிக சம்பவம் என்று தோன்றினால் போதும். 25 வயது நிரம்பியவர் சாதாரணமாகப் பத்து வருஷம் கழியாமல் மறுபரிசீலனை கோர முடியாது. தடையை மீறி வேலை செய்தால் ஐந்து வருஷம் வரை சிறைவாசம்.

கேட்காமலே விலக்கும் வழக்கத்தை அந்நாட்டு நீதிபதிகளே கண்டித்திருக்கின்றனர். பராமரிப்பு ஊழியர்களைத் தற்காலிகமாகப் பட்டியலில் சேர்த்த பழைய முறை மனித உரிமைகளுக்கு முரணானது என்று 2009-ல் பிரபுக்கள் சபை தீர்ப்பளித்தது. சமாதானம் கேளாமலே சிலரைத் தாமாகவே பட்டியலில் சேர்க்கும் விதியை, தாதியர் சங்கம் தொடுத்த வழக்கில் 2010-ல் ஹைகோர்ட்டு கண்டனம் செய்தது.

இன்று, விலக்க உத்தேசித்திருப்பதாகக் கடிதம் வந்தால், பதில் சொல்ல எட்டு வாரம் தவணை உண்டு. தீர்ப்பு வந்தபின் மூன்று மாதத்துக்குள், அனுமதி பெற்று, ‘அப்பர் டிரிபியூனல்’ முன் அப்பீல் செய்யலாம். ஆனால் சட்டத்தில் பிழை, அல்லது தீர்ப்புக்கு ஆதாரமான சங்கதியில் பிழை என்ற இரண்டே வாசல்கள்தாம் திறந்திருக்கின்றன. ‘இவரை விலக்குவது தகுமா?’ என்ற கேள்வி சட்டமுமல்ல, சங்கதியுமல்ல என்று சட்டமே சொல்லி மூன்றாவது வாசலை அடைத்துவிட்டது. தண்டனை அளவுக்கு மிஞ்சியது என்பதை மட்டும் சட்டப் பிரச்னையாகக் கிளப்பலாம்.

இரண்டாவது வாசலையும் குறுக்கப் பார்த்தார்கள். ‘நான் செய்யவில்லை’ என்று ஒருவர் நேரில் சாட்சி சொல்வதைக் கொண்டே பிழை கண்டுபிடிக்கலாகாது என்று ஸ்தாபனம் வாதித்தது. அப்பீல் கோர்ட்டு 2024-ல் அவ்வாதத்தை நிராகரித்தது. சாட்சியத்தை நேரில் கேட்டு, நம்பத்தக்கதென்று கண்டால் நம்பும் உரிமை டிரிபியூனலுக்கு உண்டு என்பது தீர்ப்பு. காகிதங்களை மட்டும் பார்த்தவர்களைவிட, ஆளைக் கண்டு குறுக்குக் கேள்வி கேட்டவர்கள் உண்மைக்கு அருகில் இருப்பார்கள் என்பது வக்கீல் தொழில் அறிந்த எவருக்கும் தெரிந்ததே.

அப்பீலை விரிப்பது குழந்தைகளுக்கு ஆபத்து என்பார் சிலர். நாம் அப்படி நினைக்கவில்லை. நிரபராதியின் பெயர் பட்டியலில் ஏறுவதால் எந்தக் குழந்தைக்கும் பாதுகாப்பு கிடைப்பதில்லை. உண்மைக் குற்றவாளி அதே வீட்டில், அதே வேலையில், சந்தேகத்துக்கு அப்பாற்பட்டவனாக நிலைத்துவிடுகிறான். பட்டியல் எவ்வளவு உண்மையானதோ அவ்வளவே அது காவல்.

நம் நாட்டிலிருந்து அங்கே சென்று தாதியராகவும் பராமரிப்பாளராகவும் உழைப்போர் பலர். அத்தகைய கடிதம் வந்தால் அஞ்சி வாளாவிருத்தல் கூடாது. எட்டு வாரத்துக்குள் ஆதாரங்களுடன் பதில் எழுதுவதே முதல் அரண். அந்நாட்டுப் பார்லிமெண்டுக்கு நாம் சொல்வதும் ஒன்றே: விலக்கும் அதிகாரம் உறுதியாக இருக்கட்டும், அதற்குச் சமமாக, ‘தகுமா?’ என்று கேட்கும் அதிகாரத்தையும் நீதிபதிக்குக் கொடுங்கள்.