இருபத்தைந்து ஆண்டுக் காவல்

வானாராய்ச்சி என்றவுடன் மலையுச்சியில் அமைந்த பெரிய கூடங்களும், அங்கே பணிபுரியும் பேராசிரியர்களுமே நம் நினைவுக்கு வருவர். ஆயினும் விண்மீன்களைப் பற்றி இன்று அறியப்பட்டவற்றுள் ஒரு பகுதி, அதற்கெனச் சம்பளம் எதுவும் பெறாதவர்களாற் சேர்க்கப்பட்டது. பகலிலே வேறு தொழில் பார்த்து, இரவிலே வீட்டு வளவில் தொலைகாட்டியோடு விழித்திருந்தவர்கள் அவர்கள். அவர்களுள் ஒருவராகிய லெஸ்லி பெல்ரியர் என்னும் அமெரிக்கரையும், அவரை ஏமாற்றிய ஒரு விண்மீனையும் பற்றி இங்கே கூற விரும்புகின்றோம்.

பெல்ரியர் 1900ஆம் ஆண்டில், ஒஹாயோ மாநிலத்தின் டெல்போஸ் என்னும் சிற்றூருக்கு அருகே கமக்காரக் குடும்பமொன்றிற் பிறந்தவர். பள்ளிப் படிப்பை இடையிலேயே நிறுத்தியவர். தோட்டத்தில் ஸ்ட்றோபெரிப் பழம் பறிக்கக் குவாட் ஒன்றுக்கு இரண்டு சதம் கூலி. 900 குவாட் பறித்துச் சேர்த்த 18 டொலரைக் கொடுத்து இரண்டங்குலத் தொலைகாட்டி ஒன்றை வாங்கினார். 1918ஆம் ஆண்டு மார்ச் முதலாந் திகதி தமது முதற் குறிப்பை எழுதினார்.

எதைக் குறித்தார்? சில விண்மீன்கள் என்றும் ஒரே ஒளியோடு இருப்பதில்லை. நாட்கணக்கிலோ மாதக்கணக்கிலோ மங்குவதும் பொலிவதுமாய் இருக்கும். இவற்றை ஒளி மாறும் விண்மீன்கள் என்பர். நோக்குபவர், அயலிலே ஒளியளவு தெரிந்த இரு மீன்களைத் தேர்ந்து, இதனிலும் மங்கல், அதனிலும் பிரகாசம் என ஒப்பிட்டு மதிப்பிட்டு, நேரத்தோடு எழுதிவைப்பர். 1911இல் நிறுவப்பட்ட அமெரிக்க மாறும் விண்மீன் நோக்குநர் சங்கம் இக்குறிப்புகளைத் திரட்டி வருகின்றது. பெரிய கூடங்களில் தொலைகாட்டி முறைவைத்தே கிடைக்கும். இன்ன மீனை இரவுதோறும் பார்ப்பேன் என்று அங்கே எவரும் பிடிவாதஞ் செய்ய இயலாது. வளவிலே நிற்பவருக்கு அத்தடை இல்லை.

பெல்ரியர் 1980இல் இறக்கும்வரை, 62 ஆண்டுகளாக, ஒரு மாதமேனும் தவறாது சங்கத்துக்குக் குறிப்பு அனுப்பினார். அவை 132,000க்கும் அதிகம். நாள்தோறும் வரவு இடாப்பைப் புரட்டிப் பழகிய எமக்கு இந்தத் தவறாமையே, அவர் கண்டுபிடித்த 12 வால்வெள்ளிகளிலும் பெரிதாகத் தோன்றுகின்றது.

இனி, அந்த விண்மீன். வடமுடி என்னும் கூட்டத்திலே ‘ரி’ என்ற எழுத்தாற் குறிக்கப்படுவது. சாதாரண நாட்களில் அது பத்தாம் ஒளித்தரத்தது; வெறுங் கண்ணுக்குத் தென்படாது. உண்மையில் அது ஒன்றன்று, இரண்டு மீன்கள். ஒன்று பருத்துச் சிவந்த முதிய மீன். மற்றது பூமியளவே பருமனுள்ள, ஆனால் சூரியனை ஒத்த திணிவுள்ள வெண்குறளி. சிவந்த மீனின் வாயுவை வெண்குறளி தன்பால் இழுத்துச் சேர்த்துக்கொண்டே இருக்கும். சேர்ந்த ஐதரசன் ஓரளவைக் கடந்ததும் அணுக்கருத் தீ மூண்டு வெடிக்கும். மீன் அழிவதில்லை; மீண்டும் முதலிலிருந்து சேர்க்கத் தொடங்கும்.

1866ஆம் ஆண்டு மே மாதம் 12ஆந் திகதி இரவு, அயர்லாந்திலே ஜோன் பேர்மிங்காம் என்னும் நிலக்கிழார் வடமுடியிற் புதிய மீன் ஒன்றைக் கண்டார். அவரும் சம்பளமற்றவரே. அவர் எழுதிய கடிதத்தாற் செய்தியறிந்த வில்லியம் ஹக்கின்ஸ், ஒளியைப் பிரித்து நிறமாலை காட்டும் கருவியை அதன்பாற் திருப்பி, ஐதரசன் ஒளிர்வதைக் கண்டார். வெடித்த மீனொன்று இவ்வாறு ஆராயப்பட்டது அதுவே முதன்முறை.

மீண்டும் வெடிக்கலாம் என்ற எண்ணத்தோடு பெல்ரியர் 1920 முதல் அம்மீனைக் காவல் செய்தார். இருபத்தைந்து ஆண்டுகள் அது அசையவில்லை. 1946 பெப்ரவரியில் ஒருநாள், விடியுமுன் இரண்டரை மணிக்கு எழுந்தார். வானம் தெளிவாயிருந்தது. தடிமன் பிடிப்பதுபோல் உடல் குளிரவே, மீண்டும் படுக்கைக்குச் சென்றார். அந்த இரவிலேதான் மீன் வெடித்தது! இரண்டாம் ஒளித்தரம்வரை, ஆயிரம் மடங்குக்கும் மேலாகப் பொலிந்தது. யேர்க்கிஸ் வானாய்வுக் கூடத்தைச் சேர்ந்த ஆமின் டொயிற்ஷ் முதலியோர் அதைக் கண்டனர்.

1965இல் வெளிவந்த தம் வரலாற்று நூலிலே, அம்மீனைத் தொடர்ந்து பார்த்தபோதிலும் பழைய நேசம் இல்லாது போயிற்று என்ற கருத்தை அவர் எழுதியுள்ளார். தவறு தம்முடையதே என்றும் ஒப்புக்கொண்டார். பெப்ரவரிக் குளிரில் நோயோடு வெளியே நில்லாதவரை நாம் குறை கூறமாட்டோம்.

எனினும் அக்காவல் வீண்போகவில்லை. வெடிப்புக்கு முந்திய ஆண்டிலே அம்மீன் வழக்கத்தினும் மங்கியதைக் கண்டு குறித்தோருள் பெல்ரியரும் ஒருவர். அக்காலக் குறிப்புகளைக் கையில் வைத்திருந்தமையாலேயே, 2023இல் மீன் மறுபடியும் மங்கியபோது நோக்குநர்கள் விழித்துக்கொண்டனர். 2024இல் வெடிக்கும் என்று கணித்தோரும் உளர்; அவ்வாண்டு வெடிப்பின்றியே கழிந்தது. முந்திய இரு வெடிப்புகளுக்கும் இடைப்பட்ட காலம் ஏறத்தாழ 80 ஆண்டுகள்.

வடமுடியைக் காண நமக்குப் பெரிய கருவி எதுவும் வேண்டியதில்லை. ஆனி மாதத்தில் இரவு ஒன்பது மணியளவில் வெளியே வந்து, உச்சிக்குச் சற்று வடக்கே, சுவாதிக்குக் கிழக்கே பார்த்தால், அரைவட்டமாய் அமைந்த சிறு மீன்கள் தெரியும். அவற்றுள் ஒன்றே சற்றுப் பிரகாசமானது. அதற்கு நிகராக வேறொன்றும் அவ்விடத்திலே நின்றால், நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள்.