நகல் எங்கே, சின்னம்மா?

தேனி மாவட்டம் பெரியகுளம் வடகரையில் இருக்கும் என் சின்னம்மாவுக்குச் சர்க்கரை வந்து பதினெட்டு வருடம் ஆகிறது. வயது அறுபத்தாறு. சென்ற ஆண்டு மதுரையில் ஒரு தனியார் மருத்துவமனைக்குப் போய்விட்டு வந்தவர் கையில் ஒரு புது மாத்திரை டப்பா இருந்தது. பஸ் செலவுக்கென்று கொடுத்த பணமும் இருந்தது. "இனிமே மாசாமாசம் அங்க போகணும்ப்பா. ரத்த டெஸ்ட், மாத்திரை எல்லாம் சும்மா. நாலஞ்சு எடத்துல கையெழுத்துப் போடச் சொன்னாங்க, போட்டேன்" என்றார். எதற்குக் கையெழுத்து என்று கேட்டேன். "அது என்னமோ... டாக்டர் தங்கமான மனுசன்ப்பா."

டப்பாவைத் திருப்பிப் பார்த்தேன். மருந்தின் பெயர் இல்லை. ஓர் எண்ணும், மருத்துவ ஆய்வுக்கு மட்டும் என்று ஆங்கிலத்தில் ஒரு வரியும் இருந்தன. சின்னம்மா வைத்தியத்துக்குப் போய் ஆய்வில் சேர்ந்துவிட்டு வந்திருக்கிறார்.

இரண்டும் ஒன்றுதானே என்று பலரும் நினைக்கிறார்கள். வெள்ளைக் கோட்டு அதே, ஸ்டெதாஸ்கோப் அதே, நாற்காலியும் அதே. ஆனால் வைத்தியத்தில் இந்த அம்மாவுக்கு எது பொருந்தும் என்று பார்த்து மருத்துவர் மருந்து எழுதுகிறார். ஆய்வில் பெரும்பாலும் யாருக்கு எந்த மருந்து என்று அவர் தீர்மானிப்பதில்லை. சீட்டுக் குலுக்கிப் போடுவதுபோலக் கணினி பிரித்துவிடும். ஒரு பிரிவுக்குப் புது மருந்து, இன்னொரு பிரிவுக்குப் பழைய மருந்து, அல்லது பழைய மருந்தோடு மருந்தே இல்லாத வெற்று மாத்திரை. பல ஆய்வுகளில் எது யாருக்கு என்பது முடியும்வரை மருத்துவருக்கும் தெரியாது, நோயாளிக்கும் தெரியாது. தெரிந்தால் மனம் தராசை ஒரு பக்கம் சாய்த்துவிடும் என்பதால்தான் இந்த ஏற்பாடு.

விஷயம் தெரிந்ததும் வீட்டில் ஒருவர், "உன்னை வச்சு எலி மாதிரி சோதிக்கிறாய்ங்க அத்தை" என்று கிளப்பிவிட்டார். எனக்கு அதில் உடன்பாடில்லை. இன்று காசநோய்க்காரர் வீட்டிலிருந்தே மாத்திரை சாப்பிட்டுக் குணமாகிறார் என்றால், அது சென்னையில் 1956-ல் தொடங்கிய ஓர் ஆய்வு போட்ட பாதை. அப்போது காசநோய் என்றால் சானடோரியம்தான், படுக்கையோ கிடைக்காது. சென்னைக் காசநோய் மருந்துச் சிகிச்சை மையத்தில் 193 நோயாளிகளைச் சீட்டுப்போட்டுப் பிரித்து, ஒரு பகுதியினரை வீட்டிலும் மற்றவர்களைச் சானடோரியத்திலும் ஓராண்டு வைத்துப் பார்த்தார்கள். நெருக்கடியான வீடு, போதாத சாப்பாடு, நிற்காத வேலை என்று வீட்டுப் பிரிவுக்கு எல்லாமே பாதகம். அப்படியும் குணம் ஏறக்குறையச் சமமாகவே வந்தது. நோயாளி வீட்டிலேயே இருந்ததால் குடும்பத்தாருக்கு நோய் கூடுதலாகத் தொற்றவும் இல்லை. 1959-ல் வெளியான அந்த முடிவு உலகம் முழுக்கக் காசநோய் மருத்துவத்தைத் திருப்பிப் போட்டது. சேத்துப்பட்டில் இன்றுள்ள தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் அந்த மையத்தின் தொடர்ச்சிதான்.

அண்மையது இன்னொன்று. மழை விட்டபின் நம் மலையடிவாரத் தோப்புகளிலும் புதர்க்காடுகளிலும் வரும் உண்ணிக் காய்ச்சலை, ஸ்க்ரப் டைபஸை, இங்கே பலருக்கும் தெரியும். பீடி சுட்டதுபோல் உடம்பில் எங்காவது ஒரு கறுத்த பொருக்கு இருக்கும். சிலருக்கு அதுவும் இருக்காது. முற்றிய காய்ச்சலுக்கு டாக்ஸிசைக்கிளினா, அசித்ரோமைசினா என்ற கேள்விக்கு வெகுகாலம் உறுதியான பதில் இல்லை. வேலூர் சி.எம்.சி. முன்னின்று இந்தியாவில் 7 மருத்துவமனைகளில் 794 பேரிடம் நடத்திய ஆய்வு 2023-ல் வெளிவந்தது. இரண்டையும் சேர்த்து ஊசி வழியே கொடுத்தவர்களில் 33 சதவீதம் பேருக்குத்தான் இறப்போ, தீராத காய்ச்சலோ, உறுப்புச் சிக்கலோ நேர்ந்தது. தனித்தனியாகக் கொடுத்தபோது அது 47, 48 சதவீதம். இறப்பை மட்டும் எடுத்துப் பார்த்தால் பெரிய வேறுபாடில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். இந்த ஆய்வில் எந்தப் பிரிவில் விழுந்தாலும் ஏற்கெனவே வழக்கத்திலுள்ள மருந்து கிடைத்தது. இப்படிப்பட்ட ஆய்வுக்கு என் வீட்டு ஆளை யோசிக்காமல் அனுப்புவேன்.

யோசிக்க வைக்கிற ஆய்வும் உண்டு. அது நம் பக்கத்து மாவட்டத்திலேயே நடந்தது.

கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் ஒரு வைரஸ் தொற்றிலிருந்து வருடக்கணக்கில் மெல்ல வளர்வது. முன்கூட்டியே கண்டால் தடுத்துவிடலாம். இதற்கான பாப் ஸ்மியர் சோதனைக்கு ஆய்வகம் வேண்டும், பயிற்சி பெற்ற ஆள் வேண்டும். வினிகர் போன்ற நீர்த்த அமிலத்தைத் தடவினால் கோளாறான இடம் வெளுத்துத் தெரியும். நர்ஸ் அதைக் கண்ணால் பார்த்தே சொல்லிவிடலாம். இது உயிரைக் காக்குமா என்று பார்க்க 2000-லிருந்து திண்டுக்கல் மாவட்டக் கிராமங்களை 114 தொகுதிகளாகப் பிரித்தார்கள். ஒட்டன்சத்திரம் பக்கத்து அம்பிளிக்கை கிறிஸ்தவ மருத்துவ மையம், அடையாறு புற்றுநோய் நிறுவனம், பிரான்சிலுள்ள பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை ஆகியவை சேர்ந்து நடத்தின. பாதித் தொகுதிகளுக்குச் சோதனை. மீதிப் பாதியிலிருந்த 30,958 பெண்களுக்கு அப்போது ஊரில் என்ன வசதி உண்டோ அது மட்டும். 2007-ல் வெளியான முடிவின்படி, சோதனைப் பிரிவில் இந்தப் புற்றால் இறப்பது 35 சதவீதம் குறைந்தது.

பலன் யாருக்கு? அதே காலகட்டத்தில் தமிழ்நாடு சுகாதாரத் திட்டம் இந்த வினிகர் சோதனையை முன்னோட்டமாகக் கொண்டுவந்த இரண்டு மாவட்டங்கள் தேனியும் தஞ்சாவூரும். பிறகுதான் மாநிலம் முழுக்க. ஆக, நம் ஊர்ப் பெண்களுக்கு முன்னதாகவே கிடைத்த ஒன்றின் பின்னால் மலைக்கு அந்தப் பக்கத்துப் பெண்களின் ஆறேழு வருடம் இருக்கிறது.

சோதனை கிடைக்காத பாதியை வைத்து இந்தியாவில் நடந்த இத்தகைய ஆய்வுகளைப் பின்னாளில் மருத்துவ அறவியலாளர்கள் சிலர் கடுமையாகக் கேள்வி கேட்டார்கள். வசதியான நாடுகளில் முன்கூட்டிய சோதனை உயிர் காக்கும் என்று எப்போதோ தெரிந்த பிறகு, ஒரு கூட்டத்தை ஒன்றுமில்லாமல் விட்டுப் பார்ப்பது சரியா? அந்தக் கிராமங்களில் பாப் ஸ்மியர் என்ற பேச்சே இல்லாதபோது நாங்கள் எதையும் பறிக்கவில்லையே என்பது மறுதரப்பின் பதில். இரண்டிலும் பிடி இருக்கிறது. ஏழைக்கு எப்படியும் கிடைக்காது என்பதையே அளவுகோலாக வைப்பது எனக்குச் செரிக்கவில்லை.

அனுமதி என்பது எவ்வளவு எளிதாக வெறும் சடங்காகிவிடும் என்பதை 2009-ல் அன்றைய ஆந்திரத்தின் கம்மம் மாவட்டத்தில் பார்த்தோம். அதே வைரஸுக்கான தடுப்பூசியைப் பள்ளிச் சிறுமிகளுக்குப் போட்டபோது, விடுதிப் பிள்ளைகள் பலருக்குப் பெற்றோர் இடத்தில் வார்டனும் தலைமையாசிரியரும் கையெழுத்திட்டார்கள். சில சிறுமிகள் இறந்தார்கள். ஊசிக்கும் இறப்புக்கும் தொடர்பில்லை என்று விசாரணைக் குழு சொன்னது. தடுப்பூசியும் நல்ல தடுப்பூசிதான். ஆனால் அந்தக் கையெழுத்துகளுக்கு யாராலும் சமாதானம் சொல்ல முடியவில்லை. 2010-ல் திட்டம் நின்றது, பின்னர் நாடாளுமன்றக் குழுவும் கண்டித்தது. இந்தூரைச் சேர்ந்த ஸ்வாஸ்த்ய அதிகார் மஞ்ச் போட்ட வழக்கில் உச்ச நீதிமன்றமும் மருந்துப் பரிசோதனைகள் நடக்கும் விதத்தைக் கேள்விக்குள்ளாக்கியது. இவற்றையெல்லாம் அடுத்து வந்ததுதான் 2019-ம் ஆண்டின் புதிய மருந்துகள் மற்றும் மருந்துப் பரிசோதனை விதிகள்.

அந்த விதிகளை வைத்துச் சின்னம்மாவிடம் கேட்ட முதல் கேள்வி: "நகல் எங்கே?" கையெழுத்திட்ட ஒப்புதல் படிவத்தின் நகலும், ஆய்வைப் பற்றி விளக்கும் தாளும் நோயாளியிடம் கொடுக்கப்பட வேண்டும். கேட்டால் தருவோம் என்பதல்ல, கொடுத்தே ஆக வேண்டும். தாள் அவருக்குப் புரிகிற மொழியில் இருக்க வேண்டும். படிக்கத் தெரியாதவருக்கு, ஆய்வோடு சம்பந்தமில்லாத ஒரு சாட்சி முன்னிலையில் வாசித்துக் காட்ட வேண்டும். புத்தம்புது மூலக்கூறு மருந்து என்றால், வறியவர் போன்ற எளிதில் வளைக்கப்படக்கூடியவர்களுக்கு விளக்கிச் சொல்வதையும் அவர்கள் சம்மதிப்பதையும் வீடியோ எடுத்து வைக்க வேண்டும். நினைவில்லாமல் கிடக்கும் நோயாளிக்காகச் சட்டம் ஏற்கும் பிரதிநிதி கையெழுத்திடலாம். அந்தத் தாளின் நகலும் வீட்டுக்கு வர வேண்டும்.

அந்தப் படிவத்தில் பலரும் கவனிக்காத ஒரு பகுதி உண்டு. தொழில், ஆண்டு வருமானம், நாமினி பெயர் என்று கேட்டிருக்கும். எல்.ஐ.சி. பாலிசி மாதிரி இருக்கிறதே என்று தோன்றும். காரணம் அதேதான்.

ஆய்வில் இருக்கும்போது உடம்புக்கு ஏதாவது ஆனால், தேவைப்படும்வரை இலவச மருத்துவம் தர வேண்டும். ஆய்வுக்கும் அதற்கும் தொடர்பில்லை என்று உறுதியானால்தான் அதை நிறுத்தலாம். நிரூபித்துவிட்டு வா என்று நோயாளியை அலையவிட முடியாது. பாதிப்பு ஆய்வால்தான் என்றால் இழப்பீடு தனி. மருந்தின் பக்கவிளைவு மட்டுமல்ல, நடத்தியவரின் அலட்சியமும் இதில் சேரும். தரமான சிகிச்சை இருந்தும் அதைத் தராமல் வெற்று மாத்திரை கொடுத்து அதனால் கெட்டுப்போனாலும், தாய் அல்லது தகப்பன் ஆய்வில் இருந்ததால் வயிற்றுப் பிள்ளைக்குப் பாதிப்பு வந்தாலும் இழப்பீடு உண்டு. ஆய்வால் மரணம் என்று முடிவானால் 8 லட்ச ரூபாயை அடிப்படையாக வைத்து, வயதையும் நோயின் கடுமையையும் பொறுத்துக் கணக்கிடுவார்கள். 65 வயதைக் கடந்தவருக்கு அது பொதுவாக 4 லட்சத்திலிருந்து 32 லட்சம்வரை வரும். முப்பது நாள் தாண்டுவதே அரிது என்ற நிலையில் சேர்ந்தவருக்கு மட்டும் 2 லட்சம்.

கடுமையான பாதிப்பு நேர்ந்தால் ஆய்வை நடத்தும் மருத்துவர் 24 மணி நேரத்துக்குள் மருந்து நிறுவனம், ஆய்வைக் கண்காணிக்கும் நெறிமுறைக் குழு, மத்திய மருந்துத் தரக் கட்டுப்பாட்டு அமைப்பு மூன்றுக்கும் சொல்ல வேண்டும். அவருக்குத் தெரிந்தால்தானே சொல்வார்? ஏலக்காட்டு வேலைக்குக் கம்பம்மெட்டு தாண்டி ஜீப்பில் போகிற ஒரு பெண்ணுக்கு அங்கே மயக்கம் வந்து, இடுக்கிப் பக்கம் ஏதோ ஒரு கிளினிக்கில் ஊசி போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டால் அந்தச் சம்பவமே கணக்கில் ஏறாது. ஆகவே எங்கே வைத்தியம் பார்த்தாலும் "நான் ஒரு ஆய்வுல இருக்கேன்" என்று சொல்லுங்கள். சீட்டையும் பில்லையும் வைத்திருங்கள். ஆய்வு மருத்துவருக்கு அன்றைக்கே போன் செய்யுங்கள்.

எப்போது வேண்டுமானாலும் விலகலாம், காரணம் சொல்ல வேண்டியதில்லை. விலகினால் வழக்கமான வைத்தியம் நின்றுபோகாது. அரசு மருத்துவமனையில் "டாக்டர் கோவிச்சுக்குவாரே" என்று தயங்குபவர்கள் அதிகம். தயங்க வேண்டாம், மாத்திரையைத் திடீரென்று நிறுத்துவதற்கு முன் சொல்லிவிட்டு நிறுத்துங்கள், அவ்வளவுதான்.

அரசு மருத்துவக் கல்லூரிகளில் எம்.டி. படிப்பவர்கள் பட்டத்துக்காகச் செய்யும் ஆய்வுதான் நம் பகுதி மக்கள் அதிகம் சந்திக்க வாய்ப்புள்ளது. கூடுதலாக ஒரு குப்பி ரத்தம், சில கேள்விகள் என்பதோடு அது பெரும்பாலும் முடிந்துவிடும். அதற்கும் நெறிமுறைக் குழுவின் ஒப்புதலும் உங்கள் சம்மதமும் வேண்டும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 வழிகாட்டுதல் அதையும் கட்டுப்படுத்துகிறது.

கோளாறு என்று பட்டால் முதலில் போக வேண்டிய இடம் நெறிமுறைக் குழு. குறைந்தது ஏழு பேர் கொண்ட குழு. பாதிப் பேர் அந்த நிறுவனத்தைச் சாராதவர்களாக இருக்க வேண்டும், சட்டம் தெரிந்தவரும் சாதாரணப் பொதுமகன் ஒருவரும் பெண் உறுப்பினரும் கட்டாயம். தொடர்பு விவரம் உங்களிடம் தரப்பட்ட தாளிலேயே இருக்கும். அங்கே பதில் இல்லையென்றால் மத்திய மருந்துத் தரக் கட்டுப்பாட்டு அமைப்பின் தென்மண்டல அலுவலகம் சென்னையில் இருக்கிறது. எழுத்தில் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். ஆய்வு முறையாகப் பதிவானதா என்று பார்க்க சி.டி.ஆர்.ஐ. என்ற பதிவேடு இணையத்தில் இருக்கிறது. 2009 ஜூன் 15 முதல் மருந்துப் பரிசோதனை எல்லாம் அதில் ஏறியாக வேண்டும். தாளிலுள்ள எண்ணைத் தட்டினால் யார் பணம் போடுகிறார்கள், எத்தனை பேரைச் சேர்க்கிறார்கள் என்பது வந்துவிடும். காலேஜ் படிக்கும் பிள்ளையிடம் போனைக் கொடுத்தால் ஐந்து நிமிட வேலை. அரசு மருத்துவமனை ஆய்வு என்றால் தகவல் உரிமைச் சட்டத்திலும் கேட்கலாம். வக்கீல் வைக்க வசதியில்லாதவர்கள் 15100 என்ற எண்ணில் சட்டப்பணிகள் ஆணைக்குழுவை அழைக்கலாம். பெண்களுக்கும் பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் வருமானம் பார்க்காமலே இலவச வக்கீல் உண்டு.

சின்னம்மாவோடு அடுத்த முறை மதுரைக்கு நானும் போனேன். கேட்டதும் நகலைக் கொடுத்துவிட்டார்கள், மறந்துவிட்டதாம். தமிழில்தான் இருந்தது, பன்னிரண்டு பக்கம். திரும்பும் பஸ்ஸில் வத்தலக்குண்டு தாண்டும்வரை ஒவ்வொரு வரியாகப் படித்துச் சொன்னேன். பழைய மாத்திரையை நிறுத்தவில்லை, அதோடு சேர்த்துத்தான் புதியதோ வெற்றோ தருகிறார்கள் என்று தெரிந்ததும், "அப்ப இருந்துட்டுப் போறேன்" என்றார். நாமினி இடத்தில் மூத்த மகன் பெயர் இருந்தது. அதைக் கேட்டவுடன் முகம் மாறிவிட்டது.

"அதை மாத்த முடியுமாப்பா? ஒவ்வொரு தடவையும் கூட வர்றது சின்னவதானே."

முடியும் என்றேன்.