சென்னையின் பின்பனிக் காலம்

ஓர் ஆண்டினை ஆறு பெரும்பொழுதுகளாகப் பகுத்தனர் நம் முன்னோர். அவற்றுள் மாசி, பங்குனி ஆகிய இரு திங்களும் பின்பனிக் காலம் எனப்படும். ஐரோப்பியர் வசந்தத்தின் தோற்றமெனக் கொண்டாடும் நாட்களும் ஏறக்குறைய இவையே. மாசிப் பனி மச்சைத் துளைக்கும் என்பது நம் பழமொழி. ஆயினும், பங்குனிப் பெருவிழாவில் மயிலாப்பூர் மாடவீதியில் நண்பகற்போது நிற்போர் இதனைப் பனிக்காலம் என்று சொல்ல ஒருப்படார். "இவ்வாண்டு வெயிலைப்போல் முன்பு கண்டதில்லை" என்று ஆண்டுதோறும் உரைப்பது மக்கள் வழக்கமாயிற்று. இவ்வுரை மெய்யோ, மயக்கமோ? நினைவு இதற்குச் சான்றாகாது. நேற்றைய வெயில் சென்ற ஆண்டின் வெயிலினும் கடிதாகவே தோன்றும். நாள்தோறும் எழுதிவைத்த பதிவு ஒன்றே இதற்குத் தக்க சான்றாகும்.

அத்தகைய பதிவு நம் நகரில் உண்டு என்பது பலரும் அறியாத செய்தி. 1786-ஆம் ஆண்டில் வில்லியம் பெட்ரி என்னும் ஆங்கிலேயர் எழும்பூரில் தமக்கென ஒரு வானாராய்ச்சிக் கூடம் அமைத்தார். பின்னர் அது கிழக்கிந்தியக் கம்பெனியாரின் உடைமையாயிற்று. 1792-இல் நுங்கம்பாக்கத்தில் அதற்கெனத் தனிக் கட்டடம் எழுந்தது. விண்மீன்களை நோக்கவே நிறுவப்பட்டதெனினும், கோல்டிங்ஹாம் என்பார் அதன் தலைவராயிருந்த காலத்தே, 1796 முதல் அங்கு வானிலைக் குறிப்புகளும் எழுதப்பட்டன. 1813 முதல் மழையளவும் தொடர்ந்து குறிக்கப்பட்டு வருகின்றது. 1899-இல் விண்மீன் ஆராய்ச்சி கோடைக்கானலுக்குச் சென்ற பின்னரும் வானிலைப் பணி நுங்கம்பாக்கத்திலேயே நிலைத்தது. அந்நாளையக் கருங்கற்றூண் ஒன்று, இலத்தீன், தமிழ், தெலுங்கு, இந்துஸ்தானி ஆகிய மொழிகளிற் பொறித்த எழுத்துக்களோடு, இன்றும் வானிலை நிலைய வளாகத்தில் நிற்கின்றது.

இனி, அப்பதிவு கூறுவது யாதெனக் காண்போம். நுங்கம்பாக்கத்தில் பெப்ருவரி மாதத்துப் பகல் வெப்பம் சராசரியாக ஏறக்குறைய 31 பாகை செல்சியஸ். இரவிற் குறைந்த அளவு 22 பாகை. மார்ச்சில் இவை முறையே 33, 24 என உயர்கின்றன. ஒரே திங்களில் இரண்டு பாகை ஏறுதல் சிறிதன்று. எனினும் வைகாசி வெயிலின் கொடுமை இக்காலத்து இல்லாமைக்குக் காரணம் கடற்காற்றே. முற்பகலில் நிலம் விரைந்து சூடேறும். கடல் மெல்லச் சூடேறும். நிலத்தின்மீதுள்ள காற்று இலேசாகி எழ, கடல்மீதுள்ள குளிர்ந்த காற்று அவ்விடத்தை நோக்கி வரும். அது அடையாற்றின் முகத்துவாரத்தையும் மயிலைக் கடற்கரையையும் முன்னர்த் தொட்டு, பின்னரே தியாகராய நகரை அடையும். மேற்கிலிருந்து வரும் நிலக்காற்று அதனைத் தடுக்கும் நாட்களில் வெப்பம் மிகும். விடியலிற் பனியும் நண்பகலில் வெம்மையும் ஒருங்கே உடைய இக்காலத்தை நோக்குங்கால், தொல்காப்பியர் வேனிலோடு பின்பனியையும் பாலைத் திணைக்கு உரித்தாக்கிய நுட்பம் ஒருவாறு விளங்கும்.

மழையைப் பற்றிய பதிவைப் படிப்பதில் ஒரு விழிப்பு வேண்டும். ஆண்டொன்றுக்கு ஏறக்குறைய 1,400 மில்லிமீட்டர் மழை பெறும் இந்நகர், இவ்விரு மாதங்களிலும் சராசரியாகச் சில மில்லிமீட்டரே பெறுகின்றது. அச் 'சில' என்பது ஆண்டுதோறும் பெய்யும் தூறலென்று எண்ணற்க. ஒன்பது ஆண்டுகள் வறண்டு, பத்தாம் ஆண்டில் 40 மில்லிமீட்டர் பெய்தால், சராசரி 4 என வரும். அந்த 4 எவ்வாண்டிலும் பெய்ததன்று. 2008-ஆம் ஆண்டு மார்ச்சில் எதிர்பாராது பெருமழை பெய்தமை இதற்கு எடுத்துக்காட்டு. ஆதலின் ஐந்தாறு ஆண்டுக் கணக்கைக்கொண்டு ஒரு காலத்தின் இயல்பைத் துணிதல் கூடாது.

நிற்க, பதிவு நெடியதாயின் வேறோர் இடர் தோன்றும். அளக்கும் இடத்தின் பெயர் மாறாதிருப்பினும் அவ்விடமே மாறிவிடுகின்றது. முன்னாளில் நுங்கம்பாக்கம் முதல் மயிலாப்பூர்ப் பக்கம்வரை ஒரு நீண்ட ஏரி கிடந்தது. 1923 முதல் அதன் நீர் வடிக்கப்பெற்று, அந்நிலத்தில் தியாகராய நகர் எழுந்தது. 1976-இல் திறக்கப்பெற்ற வள்ளுவர் கோட்டமும் பழைய ஏரி நிலத்திலேயே நிற்கின்றது. நீரும் மரமும் இருந்த இடத்தில் கல்லும் தாரும் பரவின. அவை பகலில் உண்ட வெப்பத்தை இரவில் உமிழ்வதால், இரவின் குளிர்ச்சி குன்றுகின்றது. உலகத்தின் சராசரி வெப்பமோ பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதி முதல் ஒரு பாகைக்கு மேல் உயர்ந்துள்ளது. ஆகவே, பின்பனிக் காலத்து இரவு வெம்மையுறுமாயின், அதில் உலகின் பங்கு எவ்வளவு, நம் ஊரின் பங்கு எவ்வளவு என்று பிரித்தறிதல் வேண்டும். நுங்கம்பாக்கத்துப் பதிவு ஒன்றே இதற்குப் போதாது. நகர்ப்புறத்தும் நாட்டுப்புறத்தும் உள்ள பிற நிலையங்களின் பதிவுகளோடு அதனை ஒப்புநோக்கல் இன்றியமையாதது.

இதனால் போதருவது யாது? வெப்பமானி வானத்தின் செயலை மட்டும் காட்டுவதன்று; நம் செயலையும் காட்டுகின்றது. உலகின் வெம்மையைத் தணித்தல் ஓர் ஊரால் ஆவதன்று. எஞ்சிய குளங்களையும் நிழன்மரங்களையும் காத்தலோ நம் கையில் உள்ளது. நீரிழந்த ஊர் தன் இரவின் குளிர்ச்சியை எங்கே தேடும்? பின்பனிக் காலம் என்னும் பெயர் வரும் தலைமுறையினர்க்கும் பொருளுடைய சொல்லாக நிற்றல் வேண்டுமாயின், அவற்றைக் காத்தல் நம் கடனாகும்.