கடன் மனைவி பெயரில், செலவு யார் பெயரில்?

கணவன் மனைவி இருவரும் சம்பாதிக்கும் இல்லங்களில் ‘உன் பணம் உனக்கு, என் பணம் எனக்கு’ என்ற ஏற்பாடு இன்று சர்வ சாதாரணம். வீடு வாங்கும் நேரத்தில்தான் கேள்வி எழுகிறது. மனைவி மட்டும் தனியாக வீட்டுக் கடனுக்கு விண்ணப்பித்தால், கணவரின் செலவுகள் அதில் குறுக்கிடுமா?

‘குடும்பம் ஒன்றுதானே, கட்டாயம் குறுக்கிடும்’ என்பது ஒரு சாராரின் கருத்து. ‘விண்ணப்பத்தில் பெயரே இல்லாதவரைப் பற்றி வங்கி ஏன் கேட்கப் போகிறது?’ என்பது மறு சாராரின் வாதம். சிங்கப்பூர் நடைமுறையைப் பார்த்தால், இரண்டிலும் பாதி உண்மை இருக்கிறது.

வங்கி போடும் கணக்கு

சிங்கப்பூர் நாணய ஆணையம் 2013ஆம் ஆண்டில் ஒரு விதிமுறையைக் கொண்டு வந்தது. கடன் வாங்குபவரின் மாதக் கடன் தவணைகள் அனைத்தும் சேர்ந்து, அவரது வருமானத்தில் 60 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது என்பதே அது. 2021 டிசம்பரில் அந்த வரம்பு 55 விழுக்காடாகக் குறைக்கப்பட்டது. வீவக வீடாக இருந்தால், வீட்டுத் தவணை மட்டும் 30 விழுக்காட்டுக்குள் அடங்க வேண்டும்.

இதில் கணக்கிடப்படுவது கடன் தவணைகளே. மளிகை, பிள்ளைகளின் துணைப்பாட வகுப்பு, பெற்றோருக்குக் கொடுக்கும் பணம் ஆகியவை சேராது. கணவர் பெயரில் மட்டும் உள்ள கடனும் சேராது. அதே சமயம், அவரது சம்பளமும் மனைவியின் விண்ணப்பத்துக்குக் கைகொடுக்காது.

செலவு நுழையும் வழி

ஓர் உதாரணம். மனைவியின் மாதச் சம்பளம் 5,000 வெள்ளி. வீவக வீட்டுக்கு அவர் 1,500 வெள்ளி வரை தவணை கட்டலாம். அவரது எல்லாத் தவணைகளுக்கும் சேர்த்து உச்சவரம்பு 2,750 வெள்ளி.

கணவர் ஓட்டும் கார் மனைவி பெயரில் வாங்கப்பட்டது. தவணை 1,200 வெள்ளி. மனைவியின் கடன்பற்று அட்டைக்குத் துணை அட்டை எடுத்துக் கணவர் செலவு செய்கிறார். அந்த நிலுவைக்காகக் கணக்கில் சேர்வது 200 வெள்ளி என்று வைத்துக்கொள்வோம். 2,750 வெள்ளியில் 1,400 போய்விட்டது. வீட்டுக்கு மிஞ்சுவது 1,350 வெள்ளி.

150 வெள்ளிதானே என்று நினைக்கலாம். 25 ஆண்டு, 4 விழுக்காடு வட்டி என்று கணக்கிட்டால், கிடைக்கக்கூடிய கடனில் ஏறத்தாழ 28,000 வெள்ளி குறைகிறது. செலவு செய்தவர் யார் என்று வங்கி பார்ப்பதில்லை. கடன் யார் பெயரில் என்றுதான் பார்க்கிறது.

வங்கி பார்க்காத கணக்கு

கணவரின் கடன்கள் அவர் பெயரிலேயே இருந்தால், மனைவியின் கடன் எளிதாகக் கிடைத்துவிடலாம். ஆனால், கணவருக்கு வேலை போனால் என்ன ஆகும்? சாப்பாட்டுச் செலவும் பிள்ளைகளின் செலவும் மனைவியின் தலையில்தான் விழும். வீட்டுத் தவணையோ குறையாது.

இன்னொன்றும் உண்டு. உரிமையாளராக இல்லாத கணவர், அந்த வீட்டுக்குத் தமது மத்திய சேம நிதியைப் பயன்படுத்த முடியாது. மாதந்தோறும் ரொக்கமாக மனைவியிடம் பாதித் தவணையைக் கொடுத்து வந்தாலும், இல்லப் பாதுகாப்புத் திட்டத்தின் காப்புறுதி அவருக்குக் கிடையாது. அவருக்கு ஏதேனும் நேர்ந்தால், கடன் முழுவதும் அப்படியே மனைவியின் பெயரில் நிற்கும்.

ஆகவே, விண்ணப்பிக்கும் முன்பு இருவரும் தங்கள் கடன் விவர அறிக்கைகளைப் பெற்று, ஒன்றாக அமர்ந்து பார்ப்பது நல்லது. துணை அட்டையின் நிலுவையை முதலில் தீர்த்துவிட வேண்டும். பின்பு, ஒருவர் சம்பளத்தில் மட்டும் ஆறு மாதம் குடும்பம் ஓடுமா என்று கணக்குப் போட வேண்டும். ஓடாது என்றால், வங்கி எவ்வளவு கொடுக்க முன்வந்தாலும் சற்றுச் சிறிய வீட்டைத் தேடுவதே உத்தமம்.