பழைய கார் பராமரிப்பு – 12: பின் அச்சை நேராக்குதல்

சமமான நேர்ச்சாலையில் கார் நேராக ஓடும்போதும் ஸ்டியரிங் ஒரு பக்கம் சற்றுத் திரும்பியே நிற்குமானால், முன்சக்கரங்களைச் சந்தேகிப்பதுதான் வழக்கம். வண்டி அலைன்மென்ட் கடைக்குப் போகும். டை ராடைத் திருகி ஸ்டியரிங்கை நடுவில் நிறுத்தித் தருவார்கள். சில மாதங்களில் அதே குறை திரும்பி வரும். அம்பாசடர், பிரீமியர் பத்மினி போன்ற பழைய கார்களில் இந்தக் குறைக்கான காரணம் பல நேரம் பின்னால் இருக்கிறது. பின் அச்சு தன் இடத்தைவிட்டு நகர்ந்திருக்கும்.

1950களின் இறுதியில் தொடங்கி 2014 வரை வங்காளத்தின் உத்தர்பாராவில் தயாரான அம்பாசடர், பிரிட்டனின் மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு மூன்றாம் வரிசைக் காரின் வழிவந்தது. எஞ்சின்கள் மாறின, முகப்பு மாறியது. ஆனால் பின்னால் இருந்த ஏற்பாடு கடைசிவரை அதேதான். இரண்டு சக்கரங்களையும் இணைக்கும் ஒரே கெட்டியான ஹவுசிங், நடுவில் கிரவுன், இரு பக்கமும் பட்டை ஸ்பிரிங். ஸ்பிரிங்கின் முன்கண் பாடியில் உள்ள ஹேங்கரில் ஒரு போல்ட்டால் பொருந்தியிருக்கும். பின்கண் ஷாக்கிளில் தொங்கும். பட்டை நிமிரும்போது நீளம் கூடுவதற்கு அந்த ஷாக்கிள் இடம்கொடுக்கும். ஆகவே அச்சு முன்பின்னாக எங்கே நிற்க வேண்டும் என்பதை முடிவுசெய்வது முன்கண் போல்ட்டும், பட்டைகளைக் கோத்து நிற்கும் சென்டர் போல்ட்டும் மட்டுமே. இந்த அமைப்பில் திருகிச் சரிசெய்ய எந்த இடமும் இல்லை. பின் அலைன்மென்ட் என்பது இங்கே அச்சை அதன் பழைய இடத்துக்குத் திருப்பிக் கொண்டுவரும் வேலை. ஏன் நகர்ந்தது என்று கண்டுபிடிக்காமல் அதைச் செய்ய முடியாது.

அச்சின் இடப்பக்கம் 5 மி.மீ. பின்தங்கியிருப்பதாகக் கொள்ளலாம். இரு பின்சக்கரங்களுக்கும் இடையே ஏறக்குறைய 1,350 மி.மீ. இருப்பதால் அச்சு சுமார் 0.2 டிகிரி திரும்பியிருக்கும். அந்த அச்சு வண்டியின் பின்பகுதியை இடப்புறமாகத் தள்ளும். மூக்கு வலப்புறம் போகப் பார்க்கும். ஓட்டுநர் அறியாமலே ஸ்டியரிங்கை இடப்பக்கம் பிடித்து அதை ஈடுகட்டுவார். ஸ்டியரிங் விகிதம் 15க்கு 1 என்றால் சக்கரத்தில் உள்ள 0.2 டிகிரி கையில் 3 டிகிரியாகத் தெரியும். வண்டி நேராகப் போனாலும் அதன் உடல் கோணிக்கொண்டு போகும். முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையே 2,464 மி.மீ. நீளம் இருப்பதால், பின்சக்கரத் தடம் 9 மி.மீ. அளவுக்கு இடப்பக்கம் ஒதுங்கி விழும்.

டயர் தேய்மானத்தை வைத்து இந்தக் குறையைப் பிடிக்க முடியாது. ஒரே அச்சில் இருப்பதால் இரு சக்கரங்களும் சேர்ந்தே திரும்புகின்றன. ஒன்றுக்கொன்று இணையாகவே உருள்கின்றன. அதனால் பின் டயர்கள் சீராகத் தேய்ந்தாலும் அச்சு கோணலாக இருக்கலாம். பின் டயர் ஒன்று மட்டும் ஒரு விளிம்பில் ரம்பம்போல் தேய்ந்திருந்தால் ஹவுசிங்கே வளைந்திருக்க வாய்ப்பு அதிகம். அது வீட்டு வேலையில் அடங்காது.

அச்சு நகர்வதற்கான காரணங்களில் முதலிடம் யூ போல்ட்டுக்கு. அச்சையும் பட்டையையும் இறுக்கிப் பிடித்திருப்பது யூ போல்ட்டின் அழுத்தம்தான். சென்டர் போல்ட்டின் தலை ஹவுசிங்கின் இருக்கைத் துளையில் உட்கார்ந்து இடத்தை மட்டும் காட்டுகிறது, சுமை தாங்க அது அமைக்கப்படவில்லை. யூ போல்ட் தளர்ந்ததும் பிரேக்கின் விசையும் எஞ்சினின் உந்தலும் அந்தச் சிறு தலையின்மீது விழுகின்றன. தலை தேயும், துளை நீள்வட்டமாகும், கடைசியில் போல்ட் துண்டாகும். அடுத்த காரணம் முன்கண் ரப்பர் புஷ். காலத்தாலும் எண்ணெய்க் கசிவாலும் ரப்பர் உளுத்துப்போகும். ஒரு பக்கம் மட்டும் பட்டை மாற்றுவதும் குறையை உண்டாக்கும். சந்தையில் கிடைக்கும் எல்லாப் பட்டைகளிலும் முன்கண்ணிலிருந்து சென்டர் போல்ட் துளைவரை உள்ள தூரம் ஒன்றாக இருப்பதில்லை. ஒரு பக்கப் பட்டை தளர்ந்து வளைவு குறைந்தாலும் அதன் நேர்நீளம் கூடி, அந்தப் பக்கம் அச்சு சில மில்லிமீட்டர் பின்னுக்குப் போகும். ஹேங்கர் பொருந்தியிருக்கும் பாடித் தகடு துருவில் இற்றுப்போயிருப்பது இவை எல்லாவற்றிலும் மோசம். அம்பாசடருக்குத் தனிச் சேசிஸ் கிடையாது. அந்தத் தகடு போனால் அச்சுக்குப் பிடிமானமே இல்லை.

அளப்பதற்குச் சமமான சிமென்ட் தரை வேண்டும். நான்கு டயரும் ஒரே அளவு, ஒரு பக்கத்து டயருக்கும் மறு பக்கத்து டயருக்கும் ஒரே காற்று, டிக்கி காலி. வண்டியைச் சில அடி முன்னோக்கித் தள்ளி நிறுத்தி, முன்னும் பின்னும் அமுக்கி ஆட்டிவிட்டால் பட்டைகள் தம் இயல்பான நிலைக்கு வந்துவிடும். கருவி என்று பார்த்தால் கொத்தனாரின் தூக்குக்குண்டு, சாக்பீஸ், இரும்பு டேப், கெட்டியான நூல் ஆகியவை போதும்.

முதலில் பாடியைத்தான் சோதிக்க வேண்டும். இரு பக்கத்து முன்கண் போல்ட், இரு பக்கத்துப் பின் ஷாக்கிள் மேல் போல்ட் ஆகிய நான்கு இடங்களிலிருந்தும் குண்டைத் தொங்கவிட்டுத் தரையில் புள்ளி வைத்து, மூலைக்கு மூலை அளக்க வேண்டும். இரண்டு மூலைவிட்டங்களும் சமமாக இருந்தால் பாடி நேர். வித்தியாசம் பெரிதாக இருந்தால் அச்சைத் தொடுவதில் பயன் இல்லை; வண்டி டிங்கரிங் பட்டறைக்குப் போக வேண்டியதுதான். பாடி நேராக இருந்தால், ஒவ்வொரு பக்கமும் முன்கண் போல்ட்டின் மையத்திலிருந்து ஹவுசிங்கின் மையம்வரை உள்ள தூரத்தை இதே முறையில் தரையில் குறித்து அளக்கலாம். இடம், வலம் இரண்டுக்கும் உள்ள வித்தியாசமே அச்சின் கோணல். முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் உள்ள தூரத்தை மட்டும் இரு பக்கமும் ஒப்பிடுவது ஏமாற்றக்கூடும், ஏனென்றால் முன்சக்கரம் இடம்மாறியிருந்தாலும் அந்த அளவு வேறுபடும்.

பின்னர் நூல். வண்டியின் நடுக்கோட்டுக்கு இணையாக இரு பக்கமும் சக்கர மைய உயரத்தில் நூல் கட்டி, பின் ரிம்மின் முன்விளிம்புக்கும் பின்விளிம்புக்கும் நூலிலிருந்து உள்ள தூரத்தைப் பார்க்க வேண்டும். ரிம் கோணியிருந்தால் அளவு பிசகும். சக்கரத்தை அரைச்சுற்று உருட்டி மறுபடி அளந்து சராசரி எடுப்பது நல்லது. இரு சக்கரமும் ஒரே திசையில் ஒரே அளவு திரும்பியிருந்தால் அச்சு நகர்ந்திருக்கிறது. இரண்டும் உள்நோக்கியோ வெளிநோக்கியோ இருந்தால் ஹவுசிங் வளைந்திருக்கிறது. மேலே சொன்ன 5 மி.மீ. நகர்வு, 15 அங்குல ரிம்மின் விளிம்புகளுக்கு இடையே வெறும் 1.5 மி.மீ. வித்தியாசமாகவே தெரியும். கோணலின் அளவுக்குக் குண்டையும், கோணலின் தன்மைக்கு நூலையும் நம்புவதே சரி.

வேலைக்கு முந்தின நாளே யூ போல்ட் நட்டுகளில் துரு இளக்கும் எண்ணெய் விட வேண்டும். முன்சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வைத்து, பின்பக்கத்தை உயர்த்தி, ஹேங்கருக்குச் சற்று முன்னால் பாடியின் கெட்டியான இடத்தில் இரண்டு ஸ்டாண்டு கொடுத்து, ஹவுசிங்கை ஜாக்கியால் தனியாகத் தாங்க வேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் படுப்பதும், ஹாலோ பிளாக்கை முட்டுக்கொடுப்பதும் உயிருக்கே ஆபத்து. ஹாலோ பிளாக் எந்த அறிகுறியும் காட்டாமல் நொறுங்கும். ஹவுசிங் கீழே இறங்கும்போது பிரேக் ஹோஸ் இழுபடாமலும் கவனிக்க வேண்டும்.

ஒரு நேரத்தில் ஒரு பக்கத்தை மட்டும் கழற்றுவது நல்லது; மறு பக்கம் அச்சைப் பிடித்திருக்கும். சென்டர் போல்ட்டை எடுக்குமுன் அதன் இரு பக்கமும் சி கிளாம்ப் போட்டுப் பட்டைகளை இறுக்க வேண்டும், இல்லையேல் அவை விசையோடு பிரிந்து கையைப் பதம்பார்க்கும். புதிய சென்டர் போல்ட் உயர்பலம் கொண்டதாக, பழையதன் தலை அளவே உள்ளதாக இருக்க வேண்டும். கடையில் கிடைக்கும் சாதாரண போல்ட்டின் தலையைக் கிரைண்டரில் தேய்த்துப் பொருத்துவது பழக்கத்தில் இருக்கிறது. அது மறுபடியும் அறுந்துபோகும். இருக்கைத் துளை நீள்வட்டமாகியிருந்தால், லேத் பட்டறையில் வெல்டிங் வைத்து நிரப்பி, சரியான மையத்தில் மறுபடி துளையிட வேண்டும். முன்கண் புஷ்களை இரு பக்கமும் சேர்த்தே மாற்றுவது முறை. பட்டையும் அப்படித்தான், ஜோடியாக வாங்கி, பொருத்தும் முன் முன்கண்ணிலிருந்து துளைவரை இரண்டையும் தரையில் வைத்து ஒப்பிட வேண்டும்.

இவ்வளவும் செய்த பின்னும் 2, 3 மி.மீ. வித்தியாசம் நின்றால், துளை சற்றுத் தள்ளி அமைந்த ஒரு தகட்டைப் பட்டைக்கும் இருக்கைக்கும் நடுவே வைத்து ஈடுசெய்யலாம். காரணத்தைத் தேடுமுன் முதல் வேலையாகத் தகடு வைப்பது குறையை மறைக்குமே தவிரத் தீர்க்காது.

யூ போல்ட்டுகள் புதியவையாகவே இருக்கட்டும். ஒருமுறை முழு இறுக்கம் கண்டவை நீண்டிருக்கும். நட்டுகளை மூலைக்கு மூலை மாற்றி மாற்றி, சிறுகச் சிறுக, கையேட்டில் உள்ள டார்க் அளவுவரை இறுக்க வேண்டும். முன்கண் போல்ட்டையும் ஷாக்கிள் போல்ட்டையும் அப்போது முழுதாக இறுக்கக் கூடாது. வண்டியைத் தரையில் இறக்கி, எடை பட்டைமேல் விழுந்த பிறகே கடைசி இறுக்கம். தொங்கும் நிலையில் இறுக்கினால் ரப்பர் புஷ் எப்போதும் முறுக்கிலேயே நின்று சீக்கிரம் கிழியும்.

பிறகு எல்லா அளவுகளையும் மறுபடி எடுக்க வேண்டும். ஈரத்தரையில் வண்டியை நேராக உருட்டித் தடத்தைப் பார்ப்பதும் உதவும். முன், பின் சக்கர இடைவெளிகள் வேறுபடலாம் என்பதால் பின்தடம் முன்தடத்தின்மேல் அப்படியே விழ வேண்டியதில்லை, இரு பக்கமும் ஒரே அளவு விலகியிருந்தால் போதும். முன்சக்கர அலைன்மென்ட் இதற்குப் பிறகுதான். கோணலான பின் அச்சுக்கு ஏற்ப முன்பு திருகிவைத்த டை ராடுகள் இப்போது தவறாக இருக்கும். ஏறத்தாழ 500 கி.மீ. ஓடிய பின் யூ போல்ட் நட்டுகளை மறுபடி டார்க் ரெஞ்சால் சோதிக்க வேண்டும். புதிய பட்டைகள் ஒன்றன்மேல் ஒன்று படிந்து இறுக்கம் சற்றுக் குறைந்திருக்கும்.