வீடியோவில் சொல்லாத கிராம் கணக்கு

மதிப்புக்கூட்டல் என்ற வார்த்தை நம் கூட்டங்களில் புழங்கத் தொடங்கிய பிறகு, சோப்பு, ஊறுகாய், பூண்டுத் தேன் என்று எல்லாவற்றையும் செல்போனில் வீடியோ பார்த்தே செய்து வாட்ஸ்அப் குழுக்களில் விற்கிறார்கள். நல்ல முயற்சிதான். தேங்காயை வண்டியில் ஏற்றிவிட்டு வியாபாரி சொன்ன விலையை வாங்கிக்கொண்டு வருவதைவிட எவ்வளவோ மேல். ஆனாலும் அந்த வீடியோக்களைப் பார்க்கும்போது என் பழைய வேலைப் புத்தி விழித்துக்கொள்கிறது. வங்கியில் கடன் கேட்டு வரும் திட்ட அறிக்கையில் எழுதியிருப்பதைவிட, எழுதாமல் விட்டதைத்தான் நாங்கள் முதலில் தேடுவோம்.

சோப்பையே எடுத்துக்குவோம். 'கெமிக்கலே இல்லாத தேங்காய் எண்ணெய் சோப்பு' அப்படின்னு தலைப்பு. காஸ்டிக் சோடா இல்லாமல் எண்ணெய் கட்டி சோப்பாக மாறாது. கடையில் கிடைக்கும் சோப்பு பேஸை உருக்கி ஊற்றினாலும், அதை ஏற்கெனவே யாரோ காரம் சேர்த்துத்தான் செய்திருப்பார்கள். முறையாகச் செய்தால் அந்தக் காரம் முழுவதும் எண்ணெயோடு சேர்ந்து தீர்ந்துபோகும், பயமில்லை. அளவில்தான் விஷயம் இருக்கிறது. ஒரு கிலோ தேங்காய் எண்ணெய்க்கு ஏறக்குறைய 183 கிராம் காஸ்டிக் சோடா வேண்டும். கடலை எண்ணெய்க்கோ சுமார் 135 கிராம்தான். வீடியோவில் "உங்ககிட்ட இருக்கிற எண்ணெயைப் போட்டுக்கலாம்" என்று போகிறபோக்கில் சொல்கிறார்கள். அதை நம்பி தேங்காய் எண்ணெய் அளவை அப்படியே கடலை எண்ணெய்க்குப் போட்டால், 48 கிராம் காரம் சோப்புக்குள்ளேயே தங்கிவிடும். அதைத்தான் வாடிக்கையாளர் குழந்தைக்குத் தேய்ப்பார். இதில் ஸ்பூன் அளவு உதவாது, தராசு வேண்டும். எப்போதும் தண்ணீரில்தான் காஸ்டிக் சோடாவைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட வேண்டும். அதன்மேல் தண்ணீரை ஊற்றினால் கொதித்து முகத்தில் தெறிக்கும். அலுமினியப் பாத்திரம் கூடவே கூடாது. அது அரிக்கப்பட்டு, தீப்பிடிக்கும் ஹைட்ரஜன் வாயு வரும். கையுறை, கண்ணாடி போடாமல் செய்து காட்டுகிற வீடியோவை அந்த இடத்திலேயே மூடிவிடலாம்.

சோப்பாவது எரிச்சல் கொடுத்துச் சொல்லிவிடும். பூண்டு விஷயம் சொல்லாது. பச்சைப் பூண்டை எண்ணெயிலோ தேனிலோ ஊறப்போட்டு மாதக்கணக்கில் வெளியிலேயே வைக்கலாம் என்று எத்தனையோ வீடியோக்கள். பாட்டுலிசம் என்ற கொடிய நச்சு நோயை உண்டாக்கும் கிருமியின் வித்துகள் மண்ணில் இயல்பாகவே இருப்பவை. மண்ணுக்கடியில் விளையும் பூண்டில் அவை ஒட்டிக்கொண்டு வரும். நாம் மருந்தடிக்காமல் விளைவித்தாலும் வரும். எண்ணெய்க்குள் காற்று இல்லை, புளிப்பும் இல்லை. முளைக்க அந்த வித்துகளுக்கு அதுதான் வசதி. நிறமோ வாசமோ மாறாமலே நச்சு உருவாகலாம். 1985-இல் கனடாவின் வான்கூவர் நகரில், குளிரில் வைக்காத எண்ணெய்ப் பூண்டைப் பயன்படுத்திய ஒரு உணவகத்தில் சாப்பிட்ட 36 பேர் இந்த நோயில் விழுந்தார்கள். நம் பாட்டிமார் பூண்டு ஊறுகாயில் புளியும் எலுமிச்சையும் உப்பும் தாராளமாகச் சேர்த்து, சுண்ட வதக்கியது ருசிக்கு மட்டுமல்ல. புளிப்பு அளவு, அதாவது பிஎச், 4.6-க்குக் கீழே இருந்தால் இந்தக் கிருமி வளராது. 'நிமிட ரெசிபி' என்று சுருக்கும்போது முதலில் வெட்டுப்படுவது இந்த வேலைதான்.

தேனிலும் இந்த வித்துகள் இருக்கலாம். பெரியவர்களை ஒன்றும் செய்யாது. ஒரு வயது நிறையாத குழந்தையின் குடலில் அவை முளைத்துவிடும். சேனை வைக்கத் தேன் தொட்டு வைக்கும் வழக்கத்தை வீடியோக்கள் இன்னும் சிலாகித்துக்கொண்டிருக்கின்றன. தேன் விற்கும் நம் நண்பர்கள், ஒரு வயதுக்குள் கொடுக்க வேண்டாம் என்று பாட்டிலில் ஒரு வரி அச்சிட வேண்டும். விற்பனை குறையாது, நம்பிக்கைதான் கூடும்.

எச்சரிக்கிற வீடியோ வராதா என்று கேட்கலாம். வரும். மைக்ரோவேவ் அடுப்பின் டிரான்ஸ்ஃபார்மரைக் கழற்றி, மரப்பலகையில் மின்சாரத்தால் கோலம் எரிக்கும் கைவேலை ஒன்று பரவியது. 2,000 வோல்ட்டுக்கு மேல் பாயும் சங்கதி. அமெரிக்காவில் மட்டும் 30-க்கும் மேற்பட்டோர் இறந்திருக்கிறார்கள். ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த ஆன் ரியர்டன் என்ற உணவியல் வல்லுநர் இதைக் கண்டித்து வெளியிட்ட வீடியோவை 2022-இல் யூடியூப் ஆபத்தானது என்று நீக்கியது! செய்துகாட்டிய வீடியோக்கள் பல அப்படியே இருந்தன. பலரும் சத்தம் போட்ட பிறகுதான் அவருடையது திரும்ப வந்தது. பார்வைகளை எண்ணும் இயந்திரத்திடம் இவ்வளவுதான் எதிர்பார்க்கலாம்.

உருப்படியாகக் கற்க, மாவட்ட வேளாண் அறிவியல் நிலையங்களில் மதிப்புக்கூட்டல் பயிற்சி தருகிறார்கள். தஞ்சாவூரில் உள்ள மத்திய அரசின் உணவுத் தொழில்நுட்ப நிறுவனத்தில் பொருளைக் கொடுத்துச் சோதித்தும் வாங்கலாம். பிஎச் அளக்கும் தாள் அதிக விலையில்லை, ஊறுகாய் போடுகிற வீட்டில் ஒரு கட்டு இருக்கட்டும். எங்கள் குழுவில் பூண்டுத் தேனை விற்பனைக்கு எடுப்பதில்லை. பூண்டு ஈரம் விட்டுத் தேன் நீர்த்துப்போவதை யாரும் கணக்கில் எடுப்பதில்லையே. கேட்டு வருபவர்களுக்குத் தேனைத் தனியாக, பூண்டைத் தனியாகக் கொடுக்கிறோம். வேண்டுமானால் சாப்பிடும் நேரத்தில் கலந்துகொள்ளட்டும்.