பெயர் சொல்லி அழிக்க முடியாத கோப்புகள்

லினக்ஸ் கணினியில் சில கோப்புகளின் பெயர் வெறும் கேள்விக்குறிகளாகத் தெரியும். திரையில் உள்ளதை அப்படியே தட்டி அழிக்கச் சொன்னால், அப்படியொரு கோப்பே இல்லை என்று பதில் வரலாம். கோப்பு கெட்டுவிட்டது என்றே பலரும் நினைப்பார்கள். பெரும்பாலும் உள்ளடக்கத்துக்கு ஒரு குறையும் நேர்ந்திருக்காது.

லினக்ஸின் கெர்னலுக்குக் கோப்புப் பெயர் என்பது எழுத்துகள் அல்ல, வெறும் பைட் வரிசை. சாய்கோடும் 0 மதிப்புள்ள பைட்டும் கூடாது; ஈஎக்ஸ்டி4 வட்டில் 255 பைட்டுகளைத் தாண்டக் கூடாது. வேறு நிபந்தனை கிடையாது. அந்தப் பைட்டுகளை எழுத்தாக்கிக் காட்டுவது டெர்மினல் போன்ற நிரல்களின் வேலை. அவை இன்று நம்பியிருப்பது, கென் தாம்சனும் ராப் பைக்கும் 1992இல் வகுத்த யுடிஎஃப்-8 முறையை. அதில் எந்தப் பைட்டை அடுத்து எது வரலாம் என்பதற்குக் கண்டிப்பான விதி உண்டு. 'அ' என்பது 224, 174, 133 என மூன்று பைட்டுகள். பழைய தமிழ்க் குறியாக்கமான டிஸ்கி முறையிலோ அதே 'அ' 171 என்ற ஒற்றைப் பைட். யுடிஎஃப்-8இல் 128 முதல் 191 வரையான எந்தப் பைட்டும் ஓர் எழுத்தைத் தொடங்க முடியாது. ஆகவே டிஸ்கி காலத்தில் பெயரிட்ட கோப்பு இன்றைய கணினியில் படிக்க முடியாததாகிவிடுகிறது. பழைய ஜிப் பொதிகளை அவிழ்க்கும்போதும் இதே தொல்லைதான்; பெயர் யுடிஎஃப்-8இல் உள்ளது என்று குறிக்கும் வசதி ஜிப் வரையறைக்கு 2006இல்தான் வந்தது.

அழிப்பதற்குப் பெயரைப் படிக்க வேண்டியதில்லை. ஒவ்வொரு கோப்புக்கும் ஐநோடு என்ற எண் உண்டு. 'எல்எஸ்' கட்டளையில் 'ஐ' தெரிவைச் சேர்த்தால் அந்த எண் தெரியும். 'ஃபைண்ட்' கட்டளையிடம் அதைக் கொடுத்து, முதலில் கோப்பைக் காட்டச் சொல்லி, சரியானதுதான் என்று பார்த்தபின் அழிக்கச் சொல்லலாம். ஒரே எண் வேறொரு வட்டில் வேறு கோப்புக்கும் இருக்கலாம் என்பதால், தேடலை அந்த ஒரு கோப்புறைக்குள் நிறுத்துவது அவசியம். சில கோப்புகளே இருந்தால் இன்னும் எளிய வழி, 'ஆர்எம்' கட்டளையை 'ஐ' தெரிவோடும் நட்சத்திரக் குறியோடும் கொடுப்பது. அது ஒவ்வொரு கோப்புக்கும் அனுமதி கேட்கும். வேண்டாததற்கு மட்டும் ஆம் சொன்னால் போதும். கேட்காமல் அழிக்கும் 'எஃப்' தெரிவை இங்கே தொடவே கூடாது.

'ஃபைண்ட்' கட்டளையில் பெயரைக் கொண்டு தேடினால் மட்டும் ஒரு வழுக்கல் உண்டு. நட்சத்திரக் குறி எல்லாவற்றுக்கும் பொருந்தும் என்று எண்ணத் தோன்றும். யுடிஎஃப்-8 சூழலில் இத்தகைய பெயர்களை அது தவறவிடக்கூடும். மொழிச் சூழலை 'சி' என்று மாற்றிவிட்டுத் தேடினால் அகப்படும்.

உண்மையில் அழிப்பது கடைசி வழியாகவே இருக்க வேண்டும். உள்ளே பழைய கடிதமோ நிழற்படமோ இருக்கலாம். எந்தக் குறியாக்கத்தில் பெயரிட்டது என்று தெரிந்து, அதை 'கான்வ்எம்வி' நிரலும் அறிந்திருந்தால், பெயரை யுடிஎஃப்-8க்கு மாற்றிவிடலாம். அந்த நிரல் முதலில் ஒத்திகை மட்டுமே காட்டும்; 'நோடெஸ்ட்' தெரிவைக் கொடுத்தால்தான் பெயர் மாறும்.